அக்கா பேசிய தெலுங்கு

"டீச்சர், உங்களுக்குத் தெலுங்கு தெரியுமா?"

ஸ்டாஃப் ரூமில் சாந்தி இப்படிக் கேட்டபோது நான் பிளேன்டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் இருக்கும்.

"தெரியாம என்ன? வாரத்துக்கு மூணு தெலுங்குப் படம் பாக்குறவ நான்" என்றேன், ரொம்பப் பெருமையாக.

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஹீரோ ஒற்றைக் கையால் டிராக்டரைத் தூக்குகிற அந்தப் படங்கள் எல்லாமே தமிழில் டப் செய்தவை! மற்ற டீச்சர்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் அசடு வழிந்தேன்.

சாந்தி மட்டும் சிரிக்கவில்லை.

நோர்வூட்டில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் அவளும் டீச்சர். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்மாவோடு இன்னும் அங்கேயே இருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். அன்றைக்கு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை என் காதருகே பிடித்தாள்.

ஒரு வாய்ஸ் மெசேஜ். வயதான பெண் குரல். நாக்குக் குழறுகிறது. தெலுங்கு என்பது மட்டும் புரிந்தது... அழுகை என்பதும் புரிந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. கடைசிப் பத்து செகண்ட் பேச்சே கிடையாது. வெறும் மூச்சுச் சத்தம்.

"எங்க பெரியம்மா. ஆந்திராவுல இருக்காங்க. அம்மா இத ஆறு நாளா போட்டுப் போட்டுக் கேக்குறாங்க டீச்சர். சாப்பாடு எறங்கல. ஒண்ணுமே வெளங்கலன்னு அழுவுறாங்க."

சொந்த அக்கா பேசுவது தங்கைக்கு விளங்கவில்லையா? எனக்குத்தான் விளங்கவில்லை.

சாந்தி சொன்ன கதை இது.

அவளுடைய அம்மா மங்கம்மா. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், முப்பது வருடம் பிள்ளை பார்த்தவர். தெலுங்குக் குடும்பம். நம்முடைய தோட்டங்களில் இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குடும்பங்கள் உண்டு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ்.

மங்கம்மாவுக்கு ஒரே அக்கா, ராமுலம்மா. தோட்டத்து மக்களில் ஒரு பகுதியை ஒப்பந்தம் போட்டு இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. இவர்கள் அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். ஆக, அக்கா அங்கே... தங்கை இங்கே. பிரியும்போது அக்காவுக்குப் பத்தொன்பது, தங்கைக்குப் பதின்மூன்று.

அதன் பிறகு இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. முதலில் கடிதம். அப்புறம் போன். போன் பேச்செல்லாம் தமிழில்தான். தோட்டத்தில் வளர்ந்த அக்காவுக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேசுவார்களாம். என்ன சமைத்தாய், மழையா வெயிலா, யாருக்குப் பிள்ளை பிறந்தது...

இந்த வருடம் அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை விழுந்தது. கொஞ்ச நாள் கழித்துப் பேச்சுத் திரும்பியபோது, தெலுங்கு மட்டும்தான் திரும்பியது. தமிழ் வரவேயில்லை. சிலருக்கு அப்படி ஆகும், பிந்திப் பழகிய மொழி போய்விடும், தாய்மடியில் கேட்டது மட்டும் நிற்கும் என்று அங்கே டாக்டர் சொன்னாராம்.

தங்கைக்கோ, அந்தத் தெலுங்கு எப்போதோ போய்விட்டது.

போன் ஆப்பில் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்திருக்கிறாள். குழறிய பேச்சை அது எப்படிப் புரிந்துகொண்டதோ, "கத்தரிக்காய் கோபமாக இருக்கிறது" என்று மொழிபெயர்த்ததாம்! பெரியம்மாவின் மகன் சீனுவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். அவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் அனுப்பிய பதில் இவ்வளவுதான்: அம்மா ஏதோ பழைய சினிமா வசனம் சொல்கிறார், அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை.

கூடவே ஒரு லிங்க். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அம்மா தினமும் இந்தப் படத்தைத்தான் போடச் சொல்கிறார் என்று ஒரு வரி.

பழைய கறுப்பு வெள்ளைத் தெலுங்குப் படம். கிராமத்துக் கதை. சப்டைட்டில் கிடையாது. லயத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது என்பதால் சாந்திக்கு அதைப் பார்க்க வழியில்லை. நான் ஹட்டனில் என் வீட்டில் டவுன்லோட் செய்து, அந்தச் சனிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் லயத்துக்குப் போனேன்.

மங்கம்மா குள்ளமாக, சுத்தமாக, தலையைப் படிய வாரியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"ஒக்காருங்க டீச்சர். ஒங்களுக்குத் தெலுங்கு தெரியும்னு சாந்தி சொல்லுச்சு..."

சாந்தியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை இருக்கட்டுமே என்று சொல்லிவைத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னேன். மங்கம்மாவின் முகம் ஒரு கணம் விழுந்து, பிறகு அவரே சிரித்தார். "பரவால்லங்க. மூணு பேரும் சேந்து தெரியாம பாப்போம்."

படம் தொடங்கியது. வறண்ட வயல். மாட்டு வண்டி. தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயி, அவருக்கு இரண்டு மகள்கள்.

மங்கம்மா சட்டென்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இது... இது நான் பாத்த படம்."

ஹட்டன் தியேட்டரில் பார்த்திருக்கிறார், அப்பாவோடும் அக்காவோடும். எப்படியோ அந்த வாரம் ஒரு தெலுங்குப் படம் வந்துவிட்டதாம். தமிழ்ப் படம் என்று நினைத்து டிக்கெட் எடுத்தவர்கள் விசிலடித்துக் கத்திவிட்டுப் பாதியில் எழுந்து போனார்களாம். "நாங்க மூணு பேரும் அசையல. அப்பா முழுப் படத்துக்கும் அழுதுக்கிட்டே இருந்துச்சு."

திரையில் ஒரு பெண் குடத்தை இறக்கி வைத்தாள். "நீள்ளு" என்றாள்.

"தண்ணி" என்றார் மங்கம்மா. சொல்லிவிட்டு, யாரோ வேறு ஆள் பேசியதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார். "டீச்சர், நீள்ளுன்னா தண்ணி!"

அப்புறம் இன்னொன்று. "ஆகலி... பசி." இன்னொன்று. "இல்லு... வூடு." பத்து நிமிடத்துக்கு ஒன்று, கால் மணி நேரத்துக்கு ஒன்று என்று வந்தன. முழு வசனம் பிடிபடவில்லை. தனித்தனிச் சொற்கள்தான். ஒவ்வொன்றுக்கும் அவர் சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்தார். சாந்தி ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தாள்.

கதை எனக்கு ஒருவாறு பிடிபட்டது. மழை இல்லை. நிலத்தைக் காப்பாற்ற மூத்த மகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு பெரிய வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவள் ஓடத்தில் ஏறுகிறாள். சின்னவள் கரையோரமாக ஓடி வருகிறாள். ஓடத்திலிருந்து அக்கா கத்துகிறாள்:

"செல்லீ! வெனக்கி சூடக்கு... இன்ட்டிக்கி போ!"

மங்கம்மா கையை நீட்டிப் படத்தை நிறுத்தச் சொன்னார். சாந்தி போனை எடுத்து அந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டாள். குழறலுக்குள்ளே, தேடிப் பிடித்தால்... அதேதான். செல்லீ. வெனக்கி சூடக்கு. இன்ட்டிக்கி போ.

இதை மட்டும் மங்கம்மா முழுதாகத் தமிழில் சொன்னார். தங்கச்சி, திரும்பிப் பார்க்காதே, வீட்டுக்குப் போ.

மறுபடி படத்தை ஓடவிட்டோம். கரையில் ஓடுகிற சின்னப் பெண் மூச்சிரைக்க அங்கிருந்து கத்துகிறாள்: "நேனு கூடா வஸ்தா அக்கா!"

நானும் வருவேன் அக்கா.

அந்த மெசேஜின் கடைசிப் பத்து செகண்ட் அமைதி ஏன் என்று எங்கள் மூன்று பேருக்குமே ஒரே நேரத்தில் விளங்கியது. ராமுலம்மா வசனத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்கிறார். பதிலுக்கு.

மங்கம்மா மடியில் கைகளைப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். சாந்தி தேத்தண்ணி போட எழுந்து போனாள். அதற்காகவே காத்திருந்தவர் போல, தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்:

"படம் பாத்துட்டு வந்து நாங்க இதத்தான் வெளையாடுவோம் டீச்சர். லயத்துக்குப் பின்னால வெறகுக் கட்டு மேல அக்கா ஏறி நிக்கும். அதான் ஓடம். நான் தண்ணி ஓடுற காண் ஓரமா ஓடுவேன். அக்கா அந்த வசனத்தச் சொல்லும், நான் பதில் சொல்லணும். பதில் சொல்லாட்டி எறங்காது. சோத்துக்குக் கூப்புட்டாலும் எறங்காது."

"நல்ல அக்கா" என்றேன்.

"லயத்துப் புள்ளைங்க எங்க தெலுங்கக் கேலி பண்ணுவாங்க. 'சோறுலு திங்கலு வாலு'ன்னு. அக்கா காதுல போட்டுக்காது. எனக்குத்தான் ஒடம்பு கூசும். கொஞ்சம் பெருசானதும் நான் வூட்டுலயும் தெலுங்கு பேசுறத நிப்பாட்டிட்டேன். அம்மா கேட்டாலும் அப்பா கேட்டாலும் தமிழ்லதான் பதில்."

வாசலைப் பார்த்தார்.

"அக்கா இந்தியா போற அன்னைக்கு ஹட்டன் ஸ்டேஷன்ல ஒரே கூட்டம். தலைமன்னாருக்குப் போற ரயிலு. எல்லாரும் கட்டிப்புடிச்சு அழுவுறாங்க. ஏங்கூட படிச்ச புள்ளைங்களும் நிக்குதுங்க. அக்கா ஜன்னல் வழியா எட்டிப் பாத்து... அழுதுக்கிட்டே சிரிச்சு... சத்தமா அந்த வசனத்தச் சொல்லுச்சு. செல்லீன்னு."

"நீங்க?"

"தமிழ்ல பேசுக்கா, எல்லாரும் பாக்குறாங்கன்னேன்."

லேப்டாப்பை மெல்ல மூடினேன்.

"அக்காவுக்கு மொகம் அப்படியே சுருங்கிப்போச்சு. சரின்னு தலையாட்டுச்சு. ரயிலு போயிருச்சு. அதுக்கப்புறம் எங்கிட்ட அது தெலுங்குல ஒரு வார்த்த பேசல டீச்சர். லெட்டர் எழுதினாலும் தட்டுத்தடுமாறித் தமிழ்லதான் எழுதும். போன்லயும் தமிழ்தான். அங்க தமிழ் பேச அதுக்கு ஆளே இல்ல. வாரம் ஒருக்கா எங்கிட்ட பேசுறதுக்காக மட்டுந்தான் தமிழ வெச்சிருந்துச்சு. இப்ப அதுவும் போயிருச்சு."

சாந்தி தேத்தண்ணியோடு வந்தாள். பேச்சு நின்றது.

மீதிப் படத்தைப் பார்க்க மங்கம்மாவுக்கு மனசில்லை. நான் மறுநாள் வீட்டில் பார்த்து முடித்தேன். சின்னவள் வளர்ந்து, ஆற்றைக் கடந்து போய், பெரிய வீட்டில் சீரழிகிற அக்காவை மீட்டுக்கொண்டு வருகிறாள். மழை கொட்டுகிறது, ஊரே ஆடுகிறது, சுபம். சினிமாக்காரர்களுக்கு என்ன... ஆற்றைக் கடக்க இரண்டு நிமிடம்! மங்கம்மாவிடம் பாஸ்போர்ட்கூட இல்லை. எடுத்து, விசா போட்டு, அந்த வயதில் தனியாகப் போய்ச் சேர்வதற்குள்... அக்காவின் உடம்பு காத்திருக்கும் நிலையில் இல்லை என்று சீனு ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ காலுக்கு ஏற்பாடு செய்தோம், என் வீட்டில்.

நோர்வூட் பஸ்ஸிலிருந்து தாயும் மகளும் இறங்கி வந்தார்கள். மங்கம்மா கல்யாண வீட்டுக்குப் போவதுபோல அரக்குப் பட்டு கட்டியிருந்தார், பவுடர் போட்டிருந்தார். வழி நெடுக அந்த ஒரு வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாராம். அத்தோடு, சாந்தியின் கொப்பியிலிருந்து இன்னொரு சொல்லும் எடுத்து வைத்திருந்தார். அவுனு. தெலுங்கில் ஆமாம்.

கால் கிடைத்தது. சீனு போனைக் கட்டில் பக்கத்தில் எதிலோ சாய்த்து வைத்துவிட்டு, ஆங்கிலத்தில் "யூ டாக், யூ டாக்" என்று சொல்லி வெளியே போய்விட்டார். பெண்கள் தனியாகப் பேசட்டும் என்ற நல்ல மனசு.

தலையணையில் ஒரு முகம். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆனால் கண்கள்... அப்படியே மங்கம்மாவின் கண்கள்.

மங்கம்மாவுக்கு வாய் திறக்கவில்லை. இத்தனை நாள் மனப்பாடம் செய்த வரி எங்கே போனதோ! சாந்தி முதுகைத் தடவினாள்.

அங்கிருந்துதான் குரல் வந்தது.

"செல்லீ..."

அவ்வளவுதான். மங்கம்மா என் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினார்:

"நேனு கூடா வஸ்தா அக்கா! நேனு கூடா வஸ்தா!"

ராமுலம்மா கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார். பிறகு அந்தக் கோணல் வாயின் ஒரு பாதி மட்டும் சிரித்தது. நான் பார்த்தேன். சத்தியமாகச் சிரித்தது.

பிறகுதான் நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. அவர் பேசத் தொடங்கினார். தங்கைக்குத் தெலுங்கு திரும்பிவிட்டது என்று நினைத்துவிட்டார் போலும்! மடை திறந்தாற்போலப் பேசினார். குழறி, மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கி... நடுவில் அழுதார். நடுவில் ஏதோ கேட்டார், பதிலுக்காக நின்றார்.

"அவுனு அக்கா" என்றார் மங்கம்மா.

மறுபடி பேச்சு. மறுபடி ஒரு கேள்வி.

"அவுனு... அவுனு அக்கா."

எங்களில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. பதிவு செய்ய வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. படித்த டீச்சர்! அந்த நேரம் கண்ணைத் துடைக்கவே கை போதவில்லை. ராமுலம்மா களைத்துப்போய்க் கண்ணை மூடினார். லைன் கட்டானது.

பன்னிரண்டாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார்.

மரணச் சடங்கைப் போனில் காட்டினார்கள். லயத்தில் சிக்னல் கிடைக்கிற இடம் மேட்டில் தண்ணீர் டாங்கி பக்கம். அங்கே சாக்கை விரித்து உட்கார்ந்து பார்த்தார் மங்கம்மா. படம் நின்று நின்று வந்தது. தூக்கும்போது நின்றது. திரும்ப வந்தபோது வெறும் கட்டில்.

எட்டாம் நாள் துக்கம் விசாரிக்கப் போனேன். மனசில் இருந்ததைத் தேற்றலாகவே சொன்னேன். கடைசி நேரத்திலாவது அந்தப் பதிலைச் சொல்லிவிட்டீர்களே, அவர் சிரித்தாரே என்றேன்.

மங்கம்மா தலையாட்டினார். பிறகு கேட்டார்:

"டீச்சர், அக்கா கேட்டதுக்கெல்லாம் நான் ஆமா, ஆமான்னே சொல்லிட்டேன். அது என்னா கேட்டுச்சுன்னு யாருக்குமே தெரியாது. அன்னைக்கு ஸ்டேஷன்ல நான் தெலுங்குல கூப்புட்டது இன்னும் ஒனக்கு வெட்கமாத்தான் இருக்கான்னு கேட்டிருந்தா? என்னைய மறந்துட்டியாடின்னு கேட்டிருந்தா? அதுக்கும் நான் ஆமான்னுதானே சொல்லியிருப்பேன்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். வீடியோ காலில் பேசிய அன்று சாயங்காலம் பெரியம்மா வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டாராம், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் செல்லி, செல்லி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம் என்று சீனு எழுதியதைச் சாந்தி படித்துக் காட்டினாள். மங்கம்மா கேட்டுக்கொண்டார். தேறினாரா என்று சொல்ல முடியாது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். பதின்மூன்று வயசுப் பிள்ளை கூச்சத்தில் சொன்னதை நான் எப்படிக் குறை சொல்வேன்? கொழும்புக்கு ட்ரெய்னிங் போன காலத்தில், சுற்றிலும் சிங்களமே கேட்கும் பஸ்ஸில் அம்மா போன் பண்ணினால் நான் என்ன செய்வேன் தெரியுமா? கையால் வாயை மூடிக்கொண்டு, "அப்புறம் பேசுறேன்மா" என்று கிசுகிசுத்துக் கட் பண்ணுவேன். யாரும் என்னை எதுவும் சொன்னதில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நாக்கு தானாகவே சுருண்டுகொள்ளும். எத்தனை அம்மாக்களை, எத்தனை அக்காக்களை இப்படிப் பாதியில் கட் பண்ணியிருக்கிறோமோ... அவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

போன வாரம் ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போனேன். நெரிசலான பஸ். நோட்டன் பிரிட்ஜிலிருந்து அம்மாவின் போன். எடுத்தேன். தோட்டத்துத் தமிழிலேயே, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "சொல்லுங்கம்மா, நான் நல்லா இருக்கேன், நீங்க சாப்பிட்டீங்களா?" என்றேன்.

அம்மா ஒரு நிமிடம் அரண்டுபோய்விட்டார்.

"ஏன்டி இப்புடிக் கத்துற? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது!"